கருக்கும் பார்பியானாக் கடிதமும்: கத்தோலிக்கக் கல்வி மரபை மாணவர் எழுத்தின்வழி அளத்தல்

கத்தோலிக்கக் கல்வி மரபின் வரலாறு பெரும்பாலும் அதனை நடத்தியோரின் ஏடுகளிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. நிறுவிய ஆண்டு, எழுப்பிய கட்டடம், தேர்ச்சி பெற்றோர் தொகை ஆகியவையே அவ்வேடுகளில் நிரம்பியுள்ளன. அம்மரபு ஏழை மாணவர்பால் கொண்ட பற்று மெய்யானதா என்பதற்கு அம்மாணவரின் எழுத்தே முதற்சான்றாதல் வேண்டும். இத்தாலியில் 1967ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூலும், 1992இல் மதுரையில் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'ம் அத்தகைய சான்றுகள். இரண்டையும் பகேரியாவில் வைத்து வாசிக்கும்போது, தனித்தனியே வாசிக்கையில் மறைந்துபோகும் ஒரு வினா மேலெழுகின்றது. மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியைப் பள்ளி என்ன செய்தது என்பதே அவ்வினா.

பலெர்மோவுக்குக் கிழக்கே அமைந்த சிறுநகரான பகேரியா, கவிஞர் இக்னாசியோ புத்தித்தா (1899–1997) பிறந்து மறைந்த ஊர். அவர் இடதுசாரி, திருச்சபை நிறுவனங்களைச் சார்ந்தவரல்லர். பள்ளி கற்பித்த இத்தாலிய மொழியில் அன்றித் தெருவும் வயலும் பேசிய சிசிலிய மொழியிலேயே அவர் பாடினார். ஒரு மக்கட்கூட்டம் முன்னோர் தந்த மொழியைப் பறிகொடுக்கும்போதே மெய்யாக வறுமையுறுகின்றது என்பது அவருடைய 'மொழியும் வட்டார வழக்கும்' என்னும் கவிதையின் உட்பொருள். கல்வி வறுமையைப் போக்கும் என்று நம்பும் எந்த நிறுவனத்துக்கும் இக்கருத்து இடையூறானது. கொடுக்கும் கையே பறிக்கவும் கூடும் என்று அது ஐயுறுகின்றது.

பார்பியானா இவ்வையத்திற்கு வேறொரு விடை தந்தது. பிளாரன்ஸ் மறைமாவட்டத்தின் மலைச்சிற்றூரான அங்கு 1954இல் லொரென்சோ மிலானி என்னும் குரு அனுப்பப்பட்டார். மேலிடத்தார்க்கு உவப்பில்லாத குருவை ஒதுக்கிவைத்த செயல் அது. உழவர் பிள்ளைகளுக்கு அவர் அங்கு ஒரு பள்ளி நடத்தினார். மாணவர் எண்மர் கூடி எழுதிய கடிதத்தில் இருவர் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். ஒருவன் மருத்துவர் மகன் பியெரீனோ. மற்றவன் பள்ளியால் தோற்கடிக்கப்பட்ட ஏழைச் சிறுவன் ஜான்னி. சொல்லின்மீது ஆட்சியின்மையே ஜான்னியின் தாழ்வுக்குக் காரணம் என்று நூல் வாதிடுகின்றது. எனவே அச்சிறுவர்கள் நாட்டின் பொதுமொழியைக் கைப்பற்றினர். கூர்மையான, ஒப்பனையற்ற இத்தாலிய உரைநடையில் எழுதினர். புத்தித்தா காக்க விரும்பியதை மிலானி கடக்கச் செய்தார் என்று இவ்வேறுபாட்டைச் சுருக்கிவிடலாகாது. மொழியைப் படைத்துப் புதுப்பிப்போர் ஏழைகளே என்பதைக் கடிதமும் ஒப்புகின்றது.

இக்கடிதத்தையும் 'கருக்'கையும் ஒரே தட்டில் வைத்து, 'விடுதலைக் கல்வியின் இலக்கியம்' என்று பொதுவாகப் போற்றிவிடுவது எளிது. அது பிழையான ஒப்பீடு. பார்பியானாச் சிறுவர்கள் குருவின் பக்கம் நின்று அரசுப் பள்ளியைக் குற்றம் சாட்டினர். பாமாவோ குருவும் கன்னியரும் நடத்திய பள்ளிகளையும் விடுதிகளையும் நோக்கியே பேசுகின்றார். இவ்வழக்கில் குற்றம் சாட்டப்படுவது மரபே.

தேங்காய் நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. ஏழாம் வகுப்பில் பயின்றபோது செய்யாத திருட்டுக்காகத் தலைமையாசிரியர் அச்சிறுமியை வகுப்புக்குள் வரவிடாமல் தடுக்கின்றார். நீதி நாடிப் பங்குச் சாமியாரிடம் சென்றால், சேரியிலிருந்து வந்தவள் எடுத்திருக்கத்தான் வேண்டும் என்பதே அவருடைய முடிபாகவும் இருக்கின்றது. பள்ளியும் கோயிலும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. பிற்பாடு விடுதியில், வீட்டில் உணவின்றி இங்கு வந்து உண்டு கொழுப்பவர்கள் என்று சேரிப் பிள்ளைகளைக் காப்பாளர் இகழ்கின்றார். துறவற மடத்துள் புகுந்தபின் நிலைமை இன்னும் தெளிவாகின்றது. ஏழையர்க்குப் பணிபுரியும் வாக்குறுதியை ஏற்றோர் செல்வர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். தலித் பிள்ளைகளோ அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குரியோர். இவற்றைக் கூறுமிடத்துப் பாமாவின் நடை முறையீட்டின் தொனியைக் கொள்வதில்லை. ஊரார் திண்ணையில் பேசும் வழக்கு மொழி, ஏளனமும் சிரிப்பும் விரவி, அப்படியே அச்சேறியுள்ளது. 'கொச்சை' என்று தமிழ்ப் புலமையுலகின் ஒரு பகுதி முகஞ்சுளித்தது இம்மொழியைக் கண்டே. பள்ளி திருத்த முயன்ற நாவு, திருந்தாமலே பள்ளிக்குத் தீர்ப்பெழுதியது என்பதே இந்நூலின் கலைவெற்றி.

இங்கு ஆய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 'கருக்'கை முதலில் வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஐடியாஸ் மையம். மரபின் ஒரு கை மறைத்ததை மற்றொரு கை அச்சிட்டது. இதனை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று புகழ்வதும், தற்செயல் என்று தள்ளுவதும் ஒருங்கே தவறு. தலித் மக்கள் பக்கம் நிற்பதென்னும் கருத்து அக்காலத் தமிழகத் துறவற சபைகளுக்குள்ளேயே பூசலுக்குரியதாக இருந்தது. அப்பூசலின் ஆவணமாகவும் இந்நூலைக் காணவேண்டும். பாமாவின் தமையன் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) அதே கல்விச்சூழலைப் படர்க்கையில் நின்று நகைத்துக் காட்டுகின்றது. அண்ணன் எள்ளியதைத் தங்கை நெஞ்சில் தைத்த முள்ளாகச் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்து வாசியாத கல்வி வரலாறு குறையுடையதே.

இது தமிழகத்துக் கதை என்று ஈழத்து வாசகர் ஒதுங்கவும் இயலாது. யாழ்ப்பாணப் பள்ளிகளில் சம ஆசனத்திற்காக 1920களின் பிற்பகுதியில் போராட வேண்டியிருந்ததை மறந்தோர்க்கே அவ்வாறு ஒதுங்குதல் எளிது.

பலெர்மோ பக்கத்திற்கு மீள்வோமாயின், பகேரியாவை நோக்கிய கிழக்குப் புறநகரான பிரங்காச்சோ மூன்றாவது சான்றைத் தருகின்றது. அங்குப் பங்குக் குருவாயிருந்த பினோ புல்யீசி, மாபியாவின் பிடியிலிருந்த சிறுவர்களுக்காக 'பாத்ரே நோஸ்த்ரோ' மையத்தை நிறுவினார். அப்பகுதிக்கு ஓர் இடைநிலைப் பள்ளி வேண்டுமென்று விடாது கேட்டார். அவர் கேட்டது கத்தோலிக்கப் பள்ளியன்று, அரசுப் பள்ளி. 1993 செப்டம்பர் 15ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் பிறந்தநாளில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். மரபின் பற்று தன் நிறுவனத்தைப் பெருக்குவதில் தங்கியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஆயினும் பிரங்காச்சோச் சிறுவர் எவரும் பாமாவைப் போலத் தம் குரலில் எழுதிய நூலொன்று பரவலாக அறியப்படவில்லை. புல்யீசியைப் பற்றி அலெஸ்ஸாந்த்ரோ தவேனியா 2014இல் எழுதிய புதினம், அவர் கற்பித்த புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஒருவர் எழுதியது. அக்கண் அன்புடையது, எனினும் வெளியிலிருந்து நோக்குவது.

பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் சிசிலியமும், பள்ளியில் இத்தாலியமும் கேட்டு வளர்கின்றனர். பெல்லெக்ரீனோ மலையின் புனித ரோசாலியா திருத்தலத்திற்குச் சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே ஏறிச்செல்வதைச் சமய ஆய்வாளர் விரிவாகவே பதிவு செய்துள்ளனர். அதே பிள்ளைகளின் வகுப்பறை அந்த அளவு கவனம் பெறவில்லை. தாய் பேசும் யாழ்ப்பாண வழக்கு, வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும் பிழையெனத் திருத்தப்படக் கூடும். அப்போது புத்தித்தாவின் ஐயம் இத்தாலியப் பள்ளியை மட்டும் சுட்டுவதன்று.

'கருக்கு' முடியுமிடத்தில் மடத்தைவிட்டு வெளியேறிய பெண் வேலையும் வழியும் இன்றி நிற்கின்றாள். பின்னாளில் பாமா உத்திரமேரூர்ப் பகுதியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.