கிரிப்டிக் குறுக்கெழுத்தும் தமிழ்ச் சொல்லணியும்

கிரிப்டிக் குறுக்கெழுத்து என்பது ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளையும், அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியையும் சேர்த்து ஒளித்துத் தரும் சொல் விளையாட்டு. சாதாரணக் குறுக்கெழுத்தில் பொருள் மட்டுமே இருக்கும். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் சாதாரண வகையைச் சேர்ந்தது. கிரிப்டிக் வகை பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அது ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் வழியே அறிமுகம். தமிழில் இம்முறையை முறையாகக் கையாண்டவற்றுள், வட அமெரிக்கத் தமிழ் மாத இதழான ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் குறிப்பிடத்தக்கவை.

இது தமிழுக்கு இரவலாக வந்த விளையாட்டா, நம்மிடம் இருந்ததன் மறுவடிவமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

தண்டியலங்காரம் தரும் பெயர்கள்

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் மிறைக்கவிகளைப் பார்த்தால், கிரிப்டிக் உத்திகளில் பாதிக்கு அங்கே பெயர் இருக்கிறது. பல வினாக்களின் விடைகளை ஒட்டினால் இறுதி வினாவின் விடை வருவது வினாவுத்தரம். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை நீக்கிக்கொண்டே போக வேறு வேறு சொற்கள் பிறப்பது அக்கரச் சுதகம். எழுத்தைக் கூட்டுவது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள்.

திருச்சி வட்டாரத்தை வைத்தே சில குறிப்புகளை அமைத்துப் பார்க்கலாம்.

“பூங்கா விரிந்ததில் ஒளிந்தோடும் நதி (3)”. ‘நதி’ என்பது பொருள். ‘ஒளிந்து’ என்பது செய்தி. பூங்‘கா விரி’ந்ததில் என்ற இடத்தில் காவிரி இருக்கிறது. இது கரந்துறை வகை.

“ஐந்தைத் தாண்டியதும் வரும் நதி (2)”. விடை ஆறு. சொல் பிரியாமல் நின்று இருபொருள் தருவதால் இது செம்மொழிச் சிலேடை.

“மொட்டைக் கோபுரம், ஒரு நகரம் (3)”. கோபுரத்தின் தலையெழுத்தை எடுத்தால் புரம். திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 1987இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்குக் கட்டி முடிக்கப்படும் வரை மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அதை அறிந்தவர் கண்முன் அந்தக் காட்சி வந்து வழிமறிக்கும். குறிப்பின் மேல்தோற்றம் செய்ய வேண்டிய வேலை அதுதான். இதையே “மொட்டைக் கோபுரத்தைச் சுற்றி நகரம்” என்று எழுதினால் காட்சி இன்னும் அழகாகும். ஆனால் ‘சுற்றி’ என்ற சொல்லுக்கு விடையைக் கட்டுவதில் வேலை இல்லை. காட்சிக்காக நியாயத்தை விட்ட குறிப்பு அது.

காளமேகம் எங்கே வேறுபடுகிறார்?

தமிழ்ப் புதிரைப் பற்றிப் பேசுவோர் உடனே காளமேகப் புலவரைத் துணைக்கு அழைப்பது வழக்கம். திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிசெய்தவர், திருவானைக்கா அகிலாண்டேசுவரியின் அருளால் கவியானார் என்பது வழங்கிவரும் கதை. அவர் பாம்பையும் எள்ளையும் ஒன்றாகப் பாடினார். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் சேரும்.

ஆனால் காளமேகம் இரண்டு பொருள்களின் பெயரையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். ஒவ்வொரு தொடரும் இரண்டுக்கும் பொருந்துவதைக் காண்பதில்தான் சுவை. கிரிப்டிக் குறிப்போ விடையை மறைக்கிறது, கண்டுபிடிப்பதில் சுவை. ஒன்று கவிஞரின் திறமையைக் காட்டும் மேடை, மற்றொன்று இருவர் ஆடும் ஆட்டம். ஆட்டத்துக்கு விதி வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்பது பாதி உண்மை. உத்திகள் நம்முடையவை, தீர்ப்பவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் புதியது.

எழுத்தின் சிக்கல்

ஆங்கிலப் புதிரில் எழுத்து மாற்றம் பெரும்பங்கு வகிக்கும். தமிழில் அது மெலிந்துவிடுகிறது. “நகரம் குழம்பினால் தீயோர் சேருமிடம் (4)” என்பதன் விடை நரகம். குறிப்பு நன்றாக இருந்தாலும் எளிது. புள்ளியெழுத்து முதலில் வராது. எனவே ‘ம்’ கடைசியில் நிற்பதே இயல்பு. மீதி மூன்று எழுத்துகள் ஆறு வரிசைகளில் நிற்கலாம். ‘ர’ தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. அதையும் கழித்தால், நகரம் நீங்கலாக எஞ்சுவன மூன்றே.

கட்டங்களிலும் இதே சிக்கல். ‘க’ இருக்கும் கட்டத்தில் ‘கா’ பொருந்தாது. 247 எழுத்துகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைப்பது கடினம் என்பதால்தான் வார இதழ்ப் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’, ‘குழம்பியுள்ளது’ என்ற சலுகைகள் நுழைந்தன. ‘குழம்பியுள்ளது’ என்று போட்டுவிட்டு விடையையே கலைந்த நிலையில் கட்டத்தில் எழுதச் சொல்வது எழுத்து மாற்ற உத்தி ஆகாது. அமைத்தவரின் இடர்ப்பாட்டைத் தீர்ப்பவர் தலையில் ஏற்றுவது அது.

புணர்ச்சியே தமிழின் தனிவலிமை. “தெற்கோடு ஊர் சேர்ந்தால் திருச்சியில் ஓரிடம் (4)”. தென், ஊர் இரண்டும் சேரத் தென்னூர். இடையில் இரட்டித்த ‘ன்’ எங்கிருந்து வந்தது என்று குறிப்பு சொல்லவில்லை. இது குறையா? இல்லை. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிப்பது நன்னூல் விதி. தமிழ் படிப்பவர் தம்மை அறியாமலே அதைச் செய்கிறார். விதிக்கு உட்பட்ட மாற்றத்தை மறைத்துவைக்கலாம். கட்டத்தில் இடம் போதவில்லை என்று ஒற்றை விழுங்குவதும், இல்லாத ஒற்றைச் சேர்ப்பதும் கூடாது.

தமிழ் கிரிப்டிக் புதிர் வளர வேண்டுமானால் ஆங்கிலக் குறிப்பின் அச்சை அப்படியே எடுக்காமல் கரந்துறை, சுதகம், புணர்ச்சி ஆகிய தன் பலங்களில் நிற்க வேண்டும். விடை தெரிந்த பிறகு குறிப்பை மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் எதற்காக வந்தது என்று தெரிய வேண்டும். ஒரு சொல் மிஞ்சினாலும் தோற்றவர் தீர்ப்பவர் அல்லர், அமைத்தவரே.