எட்டு ஜோடியின் விலை என்ன?

டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்முத் ஆகிய இரு அமெரிக்கர்கள் சேர்ந்து எழுதி 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட போக்கர் நூல் ஒன்று உண்டு. 'தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ஹோல்டெம் போக்கர்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சீட்டாட்ட நூலுக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நிகழ்தகவுக் கணிதம் பிறந்ததே சூதாட்டக் கேள்விகளிலிருந்துதான். பாஸ்கலும் பெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்கள் பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றியவை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிவிட்டது. இங்கே நாம் ஆடப் போவதில்லை. கணக்கை மட்டும் பார்க்கப் போகிறோம்.

ரம்மியும் மூணு சீட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் எளிதில் விளங்கும். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த சீட்டு இரண்டு. பின்னர் மேசை நடுவில், எல்லோருக்கும் பொதுவாக, முதலில் மூன்று சீட்டு (இதை 'ஃபிளாப்' என்பார்கள்), அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவருக்கு வெற்றி. பந்தயம் நான்கு சுற்று. நூல் பேசுவது 'லிமிட்' வகை. அதாவது பந்தயத் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. 10-20 டாலர் மேசையென்றால் முதல் இரண்டு சுற்றில் பத்துப் பத்தாகவும், பின்னிரண்டில் இருபது இருபதாகவும்தான் கட்டவோ ஏற்றவோ முடியும். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் 5, 10 டாலர் கட்டாயமாக வைத்தாக வேண்டும். கையில் இருப்பதையெல்லாம் ஒரே வீச்சில் தள்ளிவிடும் திரைப்படக் காட்சி இந்த வகையில் நடக்காது.

ஒருவருக்குக் கையிலேயே ஜோடி விழும் வாய்ப்பு சரியாகப் பதினேழில் ஒன்று. ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, ஏற்ற வேண்டியதுதான். இரண்டு, மூன்று போன்ற சிறு ஜோடிகளிலும் பெரிய குழப்பம் இல்லை. ஏழு முதல் பத்து வரையுள்ள நடுத்தர ஜோடிகள்தான் தலைவலி. நூலின் தரத்தை உரசிப் பார்க்க நான் இவற்றைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

நூலின் புகழுக்குக் காரணம் அதில் உள்ள ஓர் அட்டவணை. தொடக்கச் சீட்டுகளை அது எட்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. பத்து ஜோடிக்கு இரண்டாம் வகுப்பு, ஒன்பதுக்கு மூன்றாம் வகுப்பு, எட்டுக்கு நான்காம் வகுப்பு, ஏழுக்கு ஐந்தாம் வகுப்பு. அமெரிக்கச் சீட்டாட்டக் கூடங்களில் ஒரு தலைமுறையே இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தது. என் குறை இங்கேதான் தொடங்குகிறது. எட்டு ஜோடி இருக்கும் அதே நான்காம் வகுப்பில், ஒரே இனத்தைச் சேர்ந்த ஒன்பது-எட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே விலைதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கையில் எட்டு ஜோடி. மீதி 50 சீட்டுகளில் ஃபிளாப்பின் மூன்று சீட்டுகளை 19,600 விதமாக எடுக்கலாம். எட்டே இல்லாமல் எடுக்கும் விதங்கள் 17,296. ஆக 2,304 விதங்களில் குறைந்தது ஓர் எட்டாவது வந்து, மூன்று எட்டுகள் நமக்கு அமையும். நூற்றுக்கு ஏறத்தாழ 12. ஒரு முறை விழ, ஏழரை முறை விழாமல் போகும். ஃபிளாப்பில் விழாவிட்டால் அடுத்த சீட்டில் விழும் வாய்ப்பு இன்னும் அற்பம்: 47-இல் 2.

இனி மறுபக்கம். எட்டைவிட உயர்ந்த சீட்டு ஒன்றாவது ஃபிளாப்பில் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு? உயர்ந்தவை 24, மற்றவை 26. மூன்றும் மற்றவையாக வரும் விதங்கள் 2,600 மட்டுமே. ஆகவே நூற்றுக்கு 87 முறை உயர்ந்த சீட்டு மேசையில் வந்து உட்காரும். இதே கணக்கில் ஜாக்கி ஜோடிக்கு 57, பத்துக்கு 69, ஒன்பதுக்கு 79, ஏழுக்கு 92. ஜாக்கிக்கும் எட்டுக்கும் படி மூன்றுதான். ஆனால் நிம்மதியாக இருக்கும் தருணங்கள் 43-இலிருந்து 13-ஆக இறங்கிவிடுகின்றன. நடுத்தர ஜோடி தரும் தொல்லையின் வேர் இதுதான்.

எட்டு ஜோடி இரண்டு வழியில் பணம் ஈட்டலாம். மூன்று எட்டுகளாகி வெல்லலாம். அல்லது எதுவும் சேராமலே, வெறும் ஜோடியாகவே எதிராளியைவிட மேலாக நின்று வெல்லலாம். முதல் வழிக்கு ஆட்கள் அதிகம் வேண்டும். எதிரே ஒருவர் மட்டும் என்று கொள்வோம். நாம் பத்து டாலர் கட்டி ஃபிளாப்பைப் பார்க்கிறோம். ஏழரைக்கு ஒன்று என்ற கணக்கில், விழும் ஒவ்வொரு முறையும் 75 டாலராவது வந்தால்தான் செலவுக்குச் சரியாகும். எதிராளி முதலில் வைத்த பத்து, விலகிப் போனவர் விட்டுச் சென்ற ஐந்து, பின்னர் கடைசி வரை அவர் கட்டும் 10, 20, 20 என எல்லாம் கூட்டினாலும் 65. லிமிட் ஆட்டத்தில் பந்தயத்துக்குக் கூரை உண்டு. எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும் அதற்கு மேல் கறக்க முடியாது. ஐந்து பேர் எதிரே இருந்தால் கதை வேறு. மேசையிலேயே 50 கிடக்கும். பின்னால் இருவர் ஓரிரு சுற்று தொடர்ந்தாலே 75 தாண்டிவிடும்.

இரண்டாம் வழிக்கு ஆட்கள் குறைய வேண்டும். ஃபிளாப்பில் ராஜா, ஏழு, மூன்று விழுந்ததாகக் கொள்வோம். எதிரே ஒருவர், எதை வைத்தும் உள்ளே வருபவர். அவர் கையில் இருக்கக்கூடிய இரட்டைகள் 1,081. ராஜா உள்ளவை 135. ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ஏஸ் ஜோடிகள் 30. ஏழு ஜோடி 3, மூன்று ஜோடி 3, ஏழும் மூன்றும் கலந்தவை 9. நம்மை மிஞ்சுவன மொத்தம் 180, அதாவது ஆறில் ஒன்று. ராஜாவைக் கண்டதும் அஞ்சி ஓடுகிறவர் ஆறில் ஐந்து முறை முன்னிலையில் இருந்துகொண்டே ஓடுகிறார். எதிரே ஐந்து பேர் என்றால்? அவர்களில் யாரிடமும் ராஜா இல்லாத வாய்ப்பு நூற்றுக்கு 48-தான். ராஜா ஒன்றினாலேயே பாதிக்கு மேற்பட்ட முறை தோற்றிருப்போம். உண்மையில் இதைவிட மோசம். ராஜா வைத்திருப்பவர்தான் விலகாமல் ஃபிளாப் வரை வந்திருப்பார்.

ஆக, ஒரே எட்டு ஜோடிக்கு ஒருவர் எதிரே இருந்தால் ஒரு விலை, ஐவர் இருந்தால் வேறொரு காரணத்துக்காக வேறொரு விலை. மூவர் எதிரே இருந்தால்தான் இரண்டும் கெட்டான் நிலை. ஒரே இனத்து ஒன்பது-எட்டுக்கோ கூட்டம் இருந்தால்தான் மதிப்பு. எதிரே ஒருவர் மட்டும் என்றால் அது ஒன்பது உயர்ந்த வெறுங்கை. ஒன்றை ஆளைக் கண்டு ஏற்ற வேண்டும், மற்றதைக் கூட்டத்தைக் கண்டு வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தது வசதிக்காகச் செய்த சமரசம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தளர்வாக ஆடும் கூட்டத்தில் எந்தச் சீட்டின் மதிப்பு ஏறும், எதன் மதிப்பு இறங்கும் என்று அவர்களே பின்னர் எழுதுகிறார்கள். ஆனால் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கங்களை அதே கவனத்தோடு படித்தார்கள்?

நூலின் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எதிராளி ஈடு கட்டுவது அவருக்கு லாபமா நட்டமா என்பதை நம் செயலால் மாற்றலாம் என்பதை இந்த ஆசிரியர்கள் போலத் தெளிவாகச் சொன்னவர்கள் அந்நாளில் மிகச் சிலர். என் கணக்கில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஐந்து பேர் தலைக்குப் பத்து வைத்திருக்கிறார்கள், குவியலில் 50. ஃபிளாப் ஏழு, ஐந்து, இரண்டு. நமக்கு முன்னவர் பத்து கட்டுகிறார். நமக்கு அடுத்தவர் கையில் ராஜாவும் ஜாக்கியும். அவரைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள் மூன்று ராஜா, மூன்று ஜாக்கி, ஆக ஆறு. அவர் அறியாத சீட்டுகள் 47. அடுத்த சீட்டில் விழ 6, விழாமல் போக 41; 1-க்கு 6.83 கிடைத்தால்தான் அவருக்குக் கட்டும். நாம் வெறுமனே ஈடு கட்டினால் குவியல் 70. அவர் பத்து போட்டு எழுபதுக்கு ஆசைப்படுகிறார், ஏழு மடங்கு. அது அவருக்குச் சரியான செயல். நாம் இருபதாக ஏற்றினால் குவியல் 80. அவர் இருபது போட வேண்டும், நான்கு மடங்குதான். இப்போது அவர் தொடர்ந்தால் தவறு, விலகினால் நமக்கு நிம்மதி. பத்தே டாலரில் முடியும் காரியம் இது.

இதே மேசையில், ஃபிளாப்புக்கு முன்பே நாம் எட்டு ஜோடியை நம்பி ஏற்றியிருந்தால் தலைக்கு இருபது, குவியல் 100. அதே கட்டு, அதே ஏற்றம் என்றால் அவர் முன் 130. இருபது போட்டு 130-க்கு ஆடலாம், ஆறரை மடங்கு. பின்சுற்றுகளில் வரக்கூடியதையும் நினைத்தால் அவர் தங்குவது நியாயமாகிவிடுகிறது. கூட்டத்தில் முன்கூட்டியே குவியலைப் பெருக்கியதால், பின்னால் ஆட்களை விலக்கும் ஆயுதத்தை நாமே மழுங்கடித்துவிட்டோம். எட்டு ஜோடியில் சிறு குவியலும் பலரும், அல்லது பெரு ஏற்றமும் ஒருவரும் என்ற இரண்டுதான் பொருந்துகின்றன. நான்காம் வகுப்பு என்ற முத்திரை இதைச் சொல்லாது.

நூலில் என்னை உறுத்துவது இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் தீர்ப்பு இருக்கிறது, கணக்கு இல்லை. 'இங்கே ஏற்றுக', 'இங்கே விலகுக' என்று அனுபவத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. மேலே சொன்ன ராஜா-ஏழு-மூன்று ஃபிளாப்பில் எதிராளி கட்டிக்கொண்டே வந்தால் கடைசி வரை தொடரலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். நாம் ஏற்ற, அவர் ஈடு கட்ட, ஃபிளாப்புக்கு முன் குவியல் 45. முடிவு வரை நமக்குச் செலவு 10, 20, 20 என 50. வென்றால் கிடைப்பது 95. நூற்றுக்கு 35 முறை வென்றால் போதும். அவர் நம்மை மிஞ்சும் 180 இரட்டைகளோடும் கட்டுகிறார் என்று வைப்போம். மிஞ்சாத 901-இல் வெறும் 95-ஐ வைத்தும் கட்டுவாரானால், அதாவது பத்தில் ஒன்றில் பொய் சொல்வாரானால், நாம் தொடர்வதே சரி. பின்வரும் சீட்டுகளால் இருவர் கையும் மாறுவதை இதில் சேர்க்கவில்லை, தோராயக் கணக்குதான். ஆனாலும் தொகையின் அளவு தெரிகிறது. இந்த இரண்டு வரிக் கணக்கு ஒரு பக்க அறிவுரைக்கு ஈடாகும்.

எதிராளி எத்தனை முறை பொய் சொல்வார் என்பதைக் கணிதத்தால் சொல்ல முடியுமா? வான் நாய்மன் 1928-இலேயே இதற்கு வழி திறந்துவிட்டார். முழு விடை வரக் கணிப்பொறி வளர வேண்டியிருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங்கும் தோழர்களும், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் 'தீர்க்கப்பட்டுவிட்டது' என்று 2015 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். முடிவெடுக்க வேண்டிய நிலைகள் ஏறத்தாழ 319 லட்சம் கோடி. 4,800 செயலிகள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடின. நிரல் தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு நிலையிலும் 'வேறு விதமாக ஆடியிருந்தால்?' என்ற வருத்தத்தைக் கூட்டிக் கூட்டி, அதைக் குறைக்கும் திசையில் திருந்தியது. செஃபியஸ் என்று பெயரிடப்பட்ட அந்த நிரலை, அதன் குறைகளையெல்லாம் அறிந்த எதிராளிகூட, ஓர் ஆட்டத்துக்குக் கட்டாயப் பந்தயத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் வெல்ல முடியாது. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஆடினாலும் அந்தக் குறையை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். சீட்டுப் போடுபவர் இடத்தில் அந்த நிரல் ஏற்றாமல் வெறுமனே ஈடு கட்டி நுழைவது பத்தாயிரத்தில் ஆறு முறைதான். ஏற்றும், அல்லது விலகும். ஒருவர் எதிரே இருக்கும்போது எட்டு ஜோடியோடு தயங்கித் தயங்கி நுழைகிறவர்களுக்கு இது நல்ல பதில்.

இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை. 'தீர்க்கப்பட்டது' என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் பெரிதாக்கின. தீர்ந்தது இருவர் ஆட்டம். அதுவும் தோற்காமல் இருப்பதற்கான வழி. பலவீனமான எதிராளியிடம் மிக அதிகமாக வெல்லும் வழி அதுவன்று. மூன்றாமவர் வந்து உட்கார்ந்ததுமே, அந்தத் தேற்றம் தரும் உத்தரவாதம் போய்விடுகிறது. 2019-இல் ஆறு பேர் ஆட்டத்தில் வல்லுநர்களை வென்ற புளூரிபஸ் என்ற நிரலும் வென்று காட்டியதே தவிர, தீர்வு என்று எதையும் நிரூபிக்கவில்லை. ஸ்க்லான்ஸ்கியும் மால்முத்தும் எழுதியதோ ஒன்பது பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேசைக்கு. எட்டு ஜோடியோடு நடுவில் அமர்ந்து, முன்னால் இருவர் உள்ளே வந்து, பின்னால் ஐவர் இன்னும் பேசாதிருக்கும் அந்த நிலைக்குக் கணிப்பொறியிடமும் முடிந்த விடை கிடையாது. அந்த இடத்தில் 1988-இன் நூல் இன்னும் படிக்கத்தக்கதாகவே இருக்கிறது. அட்டவணைப் பக்கத்தைக் கடந்து, பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படிப்பதாக இருந்தால்.