அறுக்கும் நூலும் பாடும் விண்ணும்

தை பிறக்கும் நாளில் இரண்டு ஊர்கள் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கின்றன. யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்கு அது தைப்பொங்கல். குஜராத்தின் அகமதாபாத்துக்கு உத்தராயணம். இரண்டிலும் பட்டம்தான் போட்டி. ஆனால் எது வெற்றி என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

அகமதாபாத்தில் வெற்றி என்பது அடுத்தவர் பட்டத்தை அறுப்பது. மெல்லிய தாள், நடுவில் ஒரு மூங்கில் குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த இன்னொன்று. வால் கிடையாது, அதனால்தான் நூலைச் சுண்டியதும் சட்டென்று திரும்பிப் பாய்கிறது. பழைய நகரின் நெருக்கமான சந்துகளில் குடும்பம் முழுக்க மொட்டைமாடிக்கு ஏறிவிடும். ஒருவர் பட்டம் விட, இன்னொருவர் நூல் உருளையைப் பிடித்திருப்பார். ஒன்று அறுந்தால் 'காய்ப்போ சே' என்று மாடிக்கு மாடி கூச்சல். உந்தியு என்ற காய்கறிக் கூட்டும் ஜிலேபியும் மாடிக்கே வந்துவிடும். அறுந்த பட்டத்துக்காக யாரும் வருந்துவதில்லை. அடுத்தது கையில் தயாராக இருக்கும்.

அறுப்பது மாஞ்சா. தெருவோரக் கம்பங்களுக்கிடையே பருத்தி நூலை நீளக் கட்டி, கண்ணாடித் தூள் கலந்த பசையைக் கையில் ஏந்தி, முன்னும் பின்னும் நடந்தபடியே தடவுகிறார்கள். விரல்களில் துணி சுற்றியிருந்தும் கீறல் விழும். அதே நூல் பறவைகளின் சிறகையும், இருசக்கர வாகனத்தில் போகிறவரின் கழுத்தையும் அறுக்கிறது. பருத்திக்குப் பதிலாக வந்த நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் குஜராத்தில் காயம்பட்ட பறவைகளை மீட்கத் தனி இயக்கமே நடத்த வேண்டியிருக்கிறது.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எவரும் எவருடைய நூலையும் அறுப்பதில்லை. அங்கே நடுவர்கள் பார்ப்பது உருவத்தை, அது வானில் நிற்கும் அழகை. கப்பல், விமானம், பறவை, பறந்தபடியே அசையும் பொம்மை எனப் பல நாள் உழைப்பில் உருவாகும் விசித்திரப் பட்டங்கள் அவை. பாய்மரக் கப்பல் கட்டிய ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றையும் கயிற்றையும் அறிந்த அந்தக் கைகளின் பழக்கம் பட்டத்திலும் தெரிகிறது என்றே நினைக்கிறேன். பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் முச்சையைக் கட்டுவதில் ஓர் அங்குலம் பிசகினாலும் பெரிய பட்டம் மூக்குக் குத்திவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது விண். வளைத்த வில்லில் நாரை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவார்கள். வாடைக்காற்று பட்டதும் அது கூவத் தொடங்கும். பட்டத்தை இரவு முழுக்கப் பறக்கும்படி கட்டிவிட்டுப் படுத்தால், காற்று ஏறுவதும் தணிவதும் பாயில் கிடந்தபடியே காதுக்குத் தெரியும்.

பெரிய பட்டத்திலும் ஆபத்து உண்டு. 2021 டிசம்பரில் அருகிலுள்ள பருத்தித்துறைப் பகுதியில் பலர் சேர்ந்து கயிறு பிடித்தபோது, பிடியை விடாத ஓர் இளைஞரைப் பட்டம் அந்தரத்துக்குத் தூக்கிப்போனது; நல்லவேளை, பிழைத்தார். ஆனால் அந்த ஆபத்து ஏற்றியவரோடு நின்றது. மாஞ்சாவின் ஆபத்தோ பட்டமே தொடாத வழிப்போக்கருக்குப் போய்ச் சேர்கிறது. அறுக்காத பட்டத்தை அகமதாபாத்தும் அறியும்: 1989 முதல் அங்கே நடக்கும் பன்னாட்டு விழாவில் வெளிநாட்டார் கொண்டுவரும் உருவப் பட்டங்களை ஊரே ரசிக்கிறது. அந்த ரசனையை உள்ளூர்ப் போட்டியாகவும் ஆக்கினால், அங்குள்ள கைவினைஞர்கள் வல்வெட்டித்துறைக்குச் சளைக்க மாட்டார்கள்.