கொல்லையும் நாயும்

மலேசியாவில் வசந்தம் என்று தனிப் பருவம் கிடையாது. ஆனாலும் பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலை கொட்டித் துளிர்க்கும், பால் குறையும். 1877-இலேயே ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சார் முதல் ஈப்போ வரை, பேராக்கின் தோட்டங்களில் வரும்படி சுருங்கும் அந்நாட்களில் லயத்துக் கொல்லைதான் கைகொடுத்தது. முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, பந்தலில் பயத்தங்காய்.

தோட்டங்கள் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. கொல்லையும் நாயும் மட்டும் கூடவே வந்தன. வெயில் ஏறியதும் நாய்க்கு ஈரமண் வேண்டும். முன்னங்கால்களால் பரபரவென்று பறித்து, கீரை விதைத்த பாத்தியின் நடுவே வயிறு பதியப் படுத்துக்கொள்ளும். எருவுக்குப் புதைத்த மீன் குடலையும் மோந்து தோண்டிவிடும். முழ ஆழத்தில் புதைத்து, மேலே எலுமிச்சை முள்கிளை பரப்பினால் பாத்தி பிழைக்கும். வெங்காயத் தாள் மட்டும் அதற்கு எட்டக்கூடாது, நாய்க்கு நஞ்சு.

ஆனால் இரவில் மரவள்ளியைத் தேடிக் காட்டுப்பன்றி வந்தால் குரைத்து ஊரை எழுப்புவதும் அதே நாய்தான். பாத்திக்கு வேலி கட்டுங்கள், நாயைக் கட்டிப்போடாதீர்கள்.