கங்காணியும் கண்காணிப்பும்

கண்காணிப்பு, கங்காணி இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. கண்ணால் காண்பவன் கண்காணி. பேச்சு வழக்கில் கங்காணி. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பிறகு மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் சேரிகளிலிருந்து ஆள் பிடித்துப் போனவன் அவன்தான். ஆள் கணக்கில் அவனுக்குத் தலைக்காசு. துரைக்குக் கூலிக்காரனின் பெயர் தெரியாது, கங்காணியைத் தெரியும். கூலிக்காரனுக்கோ துரையோடு பேச்சே கிடையாது, கடன் கொடுத்த கங்காணியோடுதான் எல்லாம். வேலை வாங்குகிறவனுக்கும் வேலை செய்கிறவனுக்கும் நடுவில் ஒருத்தனை நிறுத்திவிட்டால், வேலை வாங்குகிறவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத் துரைமார்கள் கண்டுபிடித்த வழி அது.

இன்று நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தங்கள் வேலையைச் சுய உதவிக் குழுக்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தமாகக் கொடுக்கின்றன. குப்பை அள்ளுதல், வீடற்றோர் காப்பகம், பள்ளிச் சாப்பாடு என்று பட்டியல் நீள்கிறது. கொடுத்துவிட்டு, "கண்காணிப்புக் குழு இருக்கிறது" என்கிறார்கள். அந்தக் குழு யாரைக் கண்காணிக்கிறது, யாருக்காகக் கண்காணிக்கிறது என்பதுதான் என் கேள்வி. தமிழ் இலக்கியம் படித்தவருக்குத் தெரிந்த வேலை ஒரு உரையைப் பிரித்துப் பார்ப்பது. டெண்டர் அறிவிப்பும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆண்டறிக்கையும்கூட உரைகள்தான். இலக்கியவாதிகள் அவற்றைத் தொடுவதில்லை. நம் சனங்களின் தலையெழுத்து கவிதைத் தொகுப்புகளைவிட அந்தத் தாள்களில்தான் அதிகம் எழுதப்படுகிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்தத் தாள்களில் 'தொழிலாளி' அபூர்வம். 'பயனாளி' உண்டு, 'உறுப்பினர்' உண்டு, 'தன்னார்வலர்' உண்டு. 'கூலி' கிடையாது, 'மதிப்பூதியம்' உண்டு. வேலை என்பதே 'சேவை' ஆகிவிடுகிறது. 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, வீட்டுக் குப்பையை மூன்று சக்கர வண்டியில் எடுத்துப் போனவருக்குத் 'தெரு அழகுபடுத்துபவர்' என்று பெயர் வைத்தது. 2020இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. மரியாதையான பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவை அழகுபடுத்துகிறவர் எந்தச் சட்டத்தின்கீழ் போய் வருங்கால வைப்பு நிதி கேட்பார்? தொழிலாளி என்றால் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வழக்குப் போடலாம். பயனாளி நன்றி சொல்ல மட்டும்தான் முடியும்.

சுய உதவிக் குழுவின் கதையும் இதுதான். பெண்கள் சேர்ந்து சேமிக்கவும் கந்துவட்டியிலிருந்து தப்பிக்கவும் வந்த அமைப்பு அது. தமிழகத்தின் பல நகரங்களில் அது துப்புரவு ஒப்பந்தம் எடுக்கும் பெயர்ப் பலகையாக மாற்றப்பட்டது. கொங்குப் பக்கம் ஒரு ஊரில் தெருக்கூட்டும் அருந்ததியர் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "கொழுவுல எம்பேரும் இருக்குதுன்னாங்க கண்ணு. சம்பளம் வல்லீன்னு ஆப்பீசுக்குப் போனா, நீங்கதானுங்க கொழு, கொழுகிட்டக் கேளுங்கங்கறாங்க. அப்ப எனக்கு நானே சம்பளம் குடுத்துக்கோணுமாக்கு?" சட்ட வல்லுநர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த அக்கா மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். தொழிலாளியையே அவளுக்குக் காண்ட்ராக்டர் ஆக்கிவிட்டார்கள்.

இதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி 20 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்த ஒப்பந்ததாரருக்கு உரிமம் தேவைப்படவில்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழுவில் உறுப்பினர் 10 முதல் 20 பேர் என்று இருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்புகள் அந்த 20ஐ 50 ஆக்கிவிட்டன. அதே தொகுப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று சொல்லிவிட்டு, எவையெல்லாம் மையமான வேலை ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் முதலாவதாக நிற்பது பெருக்குதல், சுத்தம் செய்தல், குப்பை சேகரித்தல் உள்ளிட்ட துப்புரவு வேலை. அந்த வேலைக்கென்றே அமைந்த நிறுவனமாக இருந்தால் மட்டும் விலக்கு. அப்படியானால் மாநகராட்சி எதற்கென்று அமைந்தது? 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையில் நகராட்சியின் பணிகள் 18. துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் அதில் ஒன்று, நலிந்த பிரிவினரின் நலன் காப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சேரிப் பெண்ணின் வேலைக்கு மாநகராட்சிதான் முதலாளி. அப்படிப் படிக்கத்தான் அதிகாரிகளுக்கு மனசு வருவதில்லை.

இந்தக் குழு ஏற்பாடு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 ஆகஸ்டில் சென்னை காட்டியது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வாழ்வாதார இயக்கத்தின் குழுக்கள் பெயரில் ஆண்டுக்கணக்கில் குப்பை அள்ளியவர்கள், அந்த மண்டலங்கள் தனியார் நிறுவனத்துக்குப் போனதும் தெருவில் நின்றார்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய தங்களுக்குப் புதிய நிறுவனத்தில் சுமார் 17,000 என்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இத்தனை வருசமும் அவர்களுடைய வருகைப் பதிவை, வார்டை, கொட்டிய குப்பையை மாநகராட்சி கண்காணித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டபோது அவர்கள் மாநகராட்சியின் ஆட்கள் இல்லை என்றாகிவிட்டது. வேலை வாங்கக் கண் இருந்தது, பொறுப்பேற்கக் கை இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. இந்த ஊரே ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். ஆர்டர் எடுப்பது ஒருத்தர், துணி ஓட்டுவது ஒருத்தர், சாயம் போடுவது ஒருத்தர், தைப்பது ஒருத்தர். கடைசியில் ஒட்டுகிற லேபிள் அமெரிக்காக்காரனுடையது. இங்கே இரண்டு விதமான சோதனை உண்டு. ஒன்று செக்கிங். ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் விரித்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று ஆடிட். அது வருகிற தேதி முன்கூட்டியே தெரியும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும், மாஸ்க் வரும், "கேட்டா எட்டு மணி நேரம்னு சொல்லு" என்று சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். துணியைப் பார்க்கும் சோதனை நிஜம், ஆளைப் பார்க்கும் சோதனை நாடகம். நாடகம் என்றால் சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை. பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அதற்குக் கிடைத்திருந்தது.

நகராட்சிகளின் கண்காணிப்பும் இந்த ஆடிட் வகைதான். எத்தனை டன், எத்தனை வீடு, எத்தனை போட்டோ என்று பார்க்கும். கையுறை கொடுத்தார்களா, பி.எஃப். பிடித்த காசு கட்டினார்களா, மேஸ்திரி என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. திருப்பூர் 2008இல் மாநகராட்சி ஆனது, 60 வார்டுகள். ஊர்க் குப்பையைக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டியதற்கு அந்தந்தப் பக்கத்துக் கிராமங்கள் மறியல் செய்தன, அது செய்தியானது. நியாயமான மறியல். ஆனால் அதே குப்பையை வெறுங்கையால் தொடுகிறவரைப் பற்றி எந்த மறியலும் இல்லை. இதற்கிடையில் 2022இல் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, துப்புரவு போன்ற வேலைகளை வெளியாட்களுக்கு விட வழி செய்தது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, 2024இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. ஒதுக்கீடு கையில் இருக்கிறது, பணியிடம் காணாமல் போகிறது. ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடு கிடையாது. சாக்கடைக்குள் யார் என்பதில் மட்டும் நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு.

"தனியாரை விமர்சியுங்கள், தொண்டு நிறுவனம் லாபத்துக்கு வருவதில்லையே?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. லாபம் இல்லை என்பதால் சாதி இல்லை என்று ஆகிவிடுமா? 2018 ஜூலையில் இதே திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். அப்புறம் போராட்டம், வன்கொடுமை வழக்கு, 2025 நவம்பரில் 6 பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. ஏழு வருசம் ஆனாலும் தீர்ப்பு வந்தது. எப்படி வந்தது? அவர் அரசின் சமையலர். அவர் கையில் பணி ஆணை இருந்தது, மாற்றிய உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி இருந்தார், கேள்வி கேட்க ஒரு அலுவலகம் இருந்தது.

இப்போது 2020க்குப் போவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு கொடுக்கும் வேலை அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்குப் போனபோது, வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. அது தேவையான விவாதம். அதைவிட முக்கியமாக எனக்குப் படும் கேள்வி வேறு. அந்த மாதிரி ஒரு சமையற்கூடத்தில் தலித் பெண் வேலைக்கு எடுக்கப்படவில்லை என்றால் யாரிடம் புகார் செய்வது? மறுத்ததற்கு உத்தரவு இருக்காது, தேதி இருக்காது. தடுக்க ஊரே திரள வேண்டியதில்லை, விண்ணப்பத்தை ஓரமாக வைத்தால் போதும். கண்காணிக்கும் அதிகாரி சோற்றின் எடையை, சூட்டைக் குறித்துக்கொண்டு போவார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உள்ளூர்ப் பெண்கள் கையில் கரண்டியைக் கொடுத்தது. 2023இல் அது விரிந்ததும் தலித் பெண் சமைக்கிறார் என்று பிள்ளைகளைச் சாப்பிடவிடாத ஊர்களின் பெயர்கள் வெளியே வந்தன. அமைச்சரும் ஆட்சியரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. தீண்டாமையை வெளியே இழுத்துப் போடும் ஏற்பாடு எது, மூடி வைக்கும் ஏற்பாடு எது என்று நாம் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர் அம்பேத்கர். 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பின் தொடங்கிய தீண்டாமை ஒழிப்பு அமைப்புதான் பிறகு ஹரிஜன சேவக் சங்கம் ஆனது. தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர். சேவை யாருக்கோ அவர்கள் நிர்வாகத்தில் இல்லை. இது இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம், அவர்கள் கொடுத்த பணம், ஆகவே அவர்களே நடத்தட்டும் என்பது காந்தியின் நியாயம். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இதைப் பிய்த்துப் போட்டார். நிர்வாகத்தில் நமக்கு இடமில்லாத சேவை நம்மை யாசகராக்கும், நம் சுதந்திரமான அரசியலைக் கொல்லும் என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று அது பிர்லா கொடுத்த பணம். இன்று நகராட்சியின் பணம், அதாவது தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாமும் கட்டுகிற வரியும் சேர்ந்த பணம். பிராயச்சித்த நியாயம்கூட இன்று செல்லாது. ஆனாலும் நிர்வாகத்திலும் கண்காணிப்புக் குழுவிலும் நமக்கு நாற்காலி இல்லை.

தொண்டு நிறுவனம் என்றாலே துரோகம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது உண்மை இல்லை. மில்களில் இளம்பெண்களைக் கொத்தடிமையாக வைத்த சுமங்கலித் திட்டத்தை வெளியே கொண்டுவந்ததில் தொழிற்சங்கங்களோடு அவற்றுக்கும் பங்கு உண்டு. புனேயில் 1993இல் குப்பை பொறுக்கும் பெண்கள் சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள், அமைப்பு அவர்களுடையது. அங்கேயும் அவர்கள் மாநகராட்சி ஊழியர் ஆகிவிடவில்லை, வீட்டுக்காரர் தரும் காசை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்களே உட்காருகிறார்கள். நிரந்தர வேலைக்கு ஈடாக நான் இதைச் சொல்லவில்லை. நடுவில் கங்காணி இல்லாமலும் ஒப்பந்தம் போட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஆண்டு முழுக்க நடக்கும் வேலைக்கு நிரந்தர ஆள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் என்ற 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் நியாயம் துப்புரவுத் தொழிலாளிக்கும் வேண்டும். ஒப்பந்தம் இருக்கும் வரை கூலி மாநகராட்சியிடமிருந்து நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஒப்பந்தமும் பில்லும் தமிழில் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். அரசுப் பணத்தில் கணிசமாக ஓடும் தொண்டு நிறுவனமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. மனுப் போடுவோம். கிராமத்தில் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கையைச் சட்டமே கட்டாயமாக்கியது. நகரத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபையில் ஏன் இந்த ஒப்பந்தங்களை வாசிக்கக் கூடாது? கண்காணிப்புக் குழுவில் பாதிப்பேர் அந்த வேலை செய்கிறவர்களாகவும் அந்தச் சோற்றைத் தின்னும் பிள்ளைகளின் தாய்மாராகவும் இருக்கட்டும். படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் போடுங்கள். சமைப்பவர் யார், சாக்கடையில் இறங்குபவர் யார், கணக்கு எழுதுபவர் யார் என்று எழுதுங்கள். அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்தக் கூச்சத்துக்கு என்ன காரணம் என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளட்டும்.