இளையோர் ஸ்னூக்கர்: மூன்று பள்ளிகள், ஓர் அளவுகோல்

ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். அதன் விதிகள் எழுத்தில் ஏறியது தமிழ்நாட்டில். 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். 1882இல் ஊட்டி கிளப்பில் அந்த ஆட்டத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. சென்னையிலும் இந்த ஆட்டத்தை வளர்த்தவை கிளப்புகளே: காஸ்மாபாலிடன், ஜிம்கானா, மயிலாப்பூர் கிளப் என்று நீளும் வரிசை அது.

உலக அளவில் இளைய ஆட்டக்காரரின் தரத்தை உரசிப் பார்க்கும் களம், 1987இல் தொடங்கிய 21 வயதுக்குட்பட்டோர் உலக அமெச்சூர் போட்டி. 1989இல் அயர்லாந்தின் கென் டோஹர்ட்டி, 1990இல் இங்கிலாந்தின் பீட்டர் எப்டன், 2003இல் ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சன் ஆகியோர் அதை வென்றனர். இம்மூவரும் முறையே 1997, 2002, 2010 ஆண்டுகளில் ஷெஃபீல்டில் தொழில்முறை உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார்கள். இளையோர் பட்டத்தின் எடை எவ்வளவு என்பதற்கு இது போதும்.

வென்றவர்களின் ஆட்டத்தைக் கவனித்தால் மூன்று பள்ளிகள் தெரியும். முதலாவது பிரிட்டன், அயர்லாந்துப் பள்ளி. தெருமுனை ஸ்னூக்கர் ஹால்களில் பெரியவர்களோடு மோதித் தேறியவர்கள் இதன் பிள்ளைகள். டோஹர்ட்டி டப்ளினில் ரானலா பகுதியில் இருந்த ‘ஜேசன்ஸ்’ ஹாலில் உருவானவர். எதிராளிக்கு எளிய வாய்ப்பு விடாத சேஃப்டி ஆட்டமும் பொறுமையும் இவர்கள் சொத்து.

இரண்டாவது சீனப் பள்ளி. டிங் ஜுன்ஹுய் 2002இல், 15 வயதில், இளையோர் உலகப் பட்டம் வென்றார். பின்னர் 2017இல் ஃபான் ஜெங்யி, 2018இல் வூ யிஸே என்று சீனர்கள் தொடர்ந்தார்கள். சிறு வயதிலேயே நாள் முழுவதும் பயிற்சி. வாய்ப்புக் கிடைத்தால் ஒரே பிரேக்கில், அதாவது தவறாமல் தொடர்ந்து பந்துகளைக் குழியில் தள்ளி, ஃபிரேம் எனும் ஒரு சுற்றை முடிப்பது இவர்கள் வழி.

மூன்றாவது நம்முடையது. பில்லியர்ட்ஸிலிருந்து கிளைத்ததால் வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் நுட்பம் இதன் பலம். 1984இல் டப்ளினில் உலக அமெச்சூர் பட்டம் வென்றார் ஓம் பிரகாஷ் அகர்வால். பெங்களூரில் அரவிந்த் சாவூரிடம் பயின்ற பங்கஜ் அத்வானி, 2003இல் 18 வயதில் அதே பட்டத்தை வென்றார்.

பள்ளி எதுவானாலும் அளவுகோல் ஒன்றே. பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின் கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணங்கள்: மொத்தம் 147 புள்ளிகள். அந்த உச்சம் எல்லோருக்கும் எட்டாது. ஆனால் உலகப் போட்டிக்குப் போகும் இளைஞனுக்கு நூறு புள்ளி தொடும் செஞ்சுரி பிரேக் கைவந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து ஒரு சிவப்பை பாட் செய்தால் கைதட்டல் கிடைக்கும். அடுத்த பந்துக்கு வெள்ளை நிற்கும் இடம்தான் ஃபிரேமைத் தரும்.

சென்னைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் மேசைத் துணி கனத்து, பந்தின் ஓட்டம் மந்தமாகிறது. சர்வதேசப் போட்டி மேசைகளோ அடியில் சூடேற்றப்பட்டவை. அங்கே பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இங்கே பழகிய கைக்கு அங்கே வேகம் பிடிபடச் சில ஃபிரேம்கள் ஆகும். இளையோர் போட்டியின் குறுகிய ஆட்டங்களில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இத்தனையும் தாண்டியவர் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன். 2017இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகப் பட்டம் வென்றவர். 2023இல் ஆமி கமானியோடு சேர்ந்து இந்தியாவுக்கு மகளிர் உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என வீழ்த்தி, 15 சிவப்பு ஆட்டத்தில் உலக மகளிர் அமெச்சூர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். கடைசி ஃபிரேம் 68-60. அவ்வளவு நெருக்கடியில் கை நடுங்காதது, இளம் வயதிலேயே உலக மேடை ஏறிய பழக்கத்தால்தான்.

ஓர் அனுபமாவோடு நாம் நிறைவடைய முடியாது. முழு அளவு மேசைக்கு ஆகும் செலவும் இடமும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கிளப்புகளில் பெரும்பாலும் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வழி. மதிய வேளையில் மேசைகள் பல உறையிட்டுக் கிடக்கின்றன. அந்த நேரத்தை, உறுப்பினர் சிபாரிசு கேட்காமல், அக்கம்பக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாளரோடு திறந்துவிடுமாறு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரக் கிளப் நிர்வாகிகளை இம்மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.