ஜெபப் பாட்டில் ஜாஸ்: நிரவல் கேட்ட காதுக்கு

1958இல் சென்னை வந்த அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். அதே புரூபெக் 1980இல் கத்தோலிக்கத் திருப்பலிக்கு இசையமைத்தார். ஜாஸ் கலந்த இந்த வகை ஜெப இசையைக் கேட்க நமக்குப் பெரிய பயிற்சி வேண்டாம். நிரவல் கேட்டுப் பழகியவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நிரவலில் ஒரு வரியின் சொல்லையும் தாளத்தையும் பிடித்துக்கொண்டு மெட்டை மட்டும் மாற்றிப் பாடுவார்கள். ஜாஸில் சொல்லும் வேண்டாம். அடியில் சுற்றிவரும் கார்ட்ஸ் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) வரிசைதான் பிடிமானம். ஆகவே முதலில் மூல மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குப் பழகுங்கள். மெட்டு மனத்தில் நிற்காமல், கலைஞர் எங்கே விலகினார் என்பது தெரியாது.

நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கர்பாரெக்கும் பிரிட்டனின் ஹில்லியர்டு குழுவும் 1994இல் வெளியிட்ட ‘ஒஃபீசியும்’ இசைத்தொகுப்பு நல்ல பாடம். நான்கு ஆண்குரல்கள் பழைய லத்தீன் பாடல்களை எழுதியபடி பாட, சாக்ஸபோன் அந்த நேரத்துக் கற்பனையில் மேலே போகிறது. ஸ்பெயினின் மோராலெஸ் 16ஆம் நூற்றாண்டில் அமைத்த ஒரு பாடல் இதில் மூன்று முறை வருகிறது. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல்கள் அதே வழியில் போகும், சாக்ஸபோன் போகாது. ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டில் தறி பார்த்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்: குரல்கள் என்ற பாவு இறுகக் கட்டியிருக்கிறது, ஆனால் சாக்ஸபோனுக்குப் பூவைச் சொல்லிக்கொடுக்கும் ஜக்கார்டு அட்டை மட்டும் இல்லை.

ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வேறு ரகம். 1965 செப்டம்பர் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தில் தம் முதல் புனிதக் கச்சேரியை நடத்தினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஆங்கில வேதாகமத்தின் முதல் நான்கு சொற்களில் ஆறு அசை. அதற்கு ஆறு ஸ்வரம். அந்த ஆறும் எங்கே மறைந்து எங்கே தலைகாட்டுகின்றன என்று துரத்திப் பாருங்கள். தாவீது ஆண்டவர் முன் ஆடியதைக் காட்ட ஒரு டேப் நடனக்காரரையே மேடையேற்றினார். அடுத்த ஆண்டே வாஷிங்டன் பாப்டிஸ்ட் போதகர்கள் அந்தப் புனிதக் கச்சேரிக்கு ஆதரவு தர மறுத்தார்கள்.

நம்மிடமும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இருக்கின்றன. ஆராதனையில் சபையே கூடிப் பாடுவதால் நிரவலுக்கு இடம் வாய்ப்பதில்லை. எனக்கு அது குறைதான்.

ஒன்றுதான் கேட்க நேரமென்றால் எலிங்டனை எடுங்கள். ‘ஒஃபீசியும்’ அழகு, ஆனால் அந்தச் சாக்ஸபோன் தடுக்கி விழத் துணிவதே இல்லை.